அம்பாசிடரில் ஸ்விஃப்ட் சீட்

கேள்வி: என் 1978 அம்பாசிடரின் முன்பக்க நீள சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. பழைய ஸ்விஃப்ட் சீட் இரண்டு கிடைத்திருக்கிறது. போடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக. ஆனால் முதலில் பாயைத் தூக்கி, தளத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். என் வண்டியில் டிரைவர் பக்கம் அப்பளமாக நொறுங்கியது! அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. வெறும் தகட்டில் போல்ட் முடுக்காமல், அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு கொடுங்கள். துளை போடுமுன் சீட்டைச் சும்மா வைத்து உட்காருங்கள்; தலை கூரையில் இடிக்கிறதா, ஸ்டியரிங் தொடையில் உரசுகிறதா? இடித்தால் சீட்டின் கால்களைக் குட்டையாக்க வேண்டும். கியர் ஸ்டியரிங்கோடு இருப்பதால் நடுவில் இடம் மிஞ்சும், கூஜா வைக்கலாம். பழைய சீட்டை எடைக்குப் போடாதீர்கள், பரணில் ஏற்றுங்கள்.