நியான் குஞ்சா, வேறு இனமா?

கேள்வி: நியான் டெட்ரா என்று சொல்லித் தரப்பட்ட சிறு மீன்கள் எங்கள் தொட்டியில் உள்ளன. நீலக்கோடு பளிச்சென்று வால்வரை ஓடுகிறது. சிவப்போ இருப்பதே தெரியாத அளவுக்கு மங்கல். மாதங்கள் கடந்தும் அவை இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. இவை நியான் குஞ்சுகளா, கார்டினல் டெட்ராவா?

பதில்: தாங்கள் தரும் அடையாளங்களைப் பார்த்தால் இரண்டும் அல்ல; பச்சை நியான் என்ற மூன்றாவது இனமாகவே தோன்றுகிறது. முதலில், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கொழுப்புத் துடுப்பு என்னும் சிறு சதைமடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தங்களிடம் இருப்பது ரஸ்போரா போன்ற கெண்டைக் குடும்பத்து மீனாக இருக்கலாம்.

அது இருந்தால், அடுத்துக் கவனிக்க வேண்டியது நீலக்கோடு முடியும் இடம். பலரும் சிவப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் இரவிலும், மீன் மிரண்டிருக்கும்போதும் நிறம் வெளுத்துவிடுவதால் அதை மட்டும் நம்புவது சரியன்று. 1936இல் அறிவியல் பெயர் பெற்ற நியானில் நீலக்கோடு கொழுப்புத் துடுப்பை ஒட்டி நின்றுவிடும். சிவப்பு உடலின் பின்பாதியில் மட்டுமே இருக்கும். 1956இல் பெயரிடப்பட்ட கார்டினலில் சிவப்பு தலையின் அடியிலிருந்து வால்வரை முழு நீளத்துக்கும் படர்ந்திருக்கும். 1963இல் விவரிக்கப்பட்ட பச்சை நியானிலோ பசுமை கலந்த நீலக்கோடு வாலின் அடிவரை தொடர, சிவப்பு வெளிறிக் கிடக்கும். நிறம் ஏறிய நியான் குஞ்சிலும் கோட்டின் அமைப்பு பெரிய மீனில் உள்ளது போலவே இருக்கும் என்பதால், தங்கள் மீன்களை வளராத குஞ்சுகள் என்று கொள்ள இடமில்லை. முழு வளர்ச்சியிலும் பச்சை நியான் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான். (கறுப்பு நியான் என்று விற்கப்படுவது பெயரில் மட்டுமே உறவு, அது வேறு பேரினம்.)

இனத்தைச் சரியாக அறிவது பராமரிப்புக்கும் தேவை. நியான் மேல் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் அதற்கு உகந்தது. பச்சை நியானோ ரியோ நீக்ரோ, ஒரினோக்கோ ஆற்றுப் படுகைகளின் கருநீர் ஓடைகளில், இலைச்சாறு ஊறிய மென்மையான அமில நீரில் வாழ்வது. அதற்குச் சற்றே கூடுதல் வெப்பம் பிடிக்கும். ஆகவே நீரின் கடினத்தன்மையையும் அமிலத்தன்மையையும் அளந்து பாருங்கள். மாற்றம் தேவைப்பட்டால், திடீரென்று செய்யாமல் பல நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.