இட்லியை ஒளித்துச் சாப்பிடாதீர்கள்

வாசகர் கேள்விகள்: இந்த இதழில், வேலை செய்யும் இடத்தில் காலை டிபன்

1984-ல் சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். 2018-ல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். வீடு செங்கல்பட்டில். தினமும் ரயில். அந்த 34 வருஷமும் லீவு நாட்களில் மட்டும்தான் வீட்டில் உட்கார்ந்து காலை டிபன் சாப்பிட்டிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் ரயிலில், இல்லையென்றால் அலுவலகத்தில். அதனால் இந்த மாதம் வந்த கடிதங்களை எல்லாம் ஒன்று விடாமல் இரண்டு தடவை படித்தேன்.

கேள்வி: சிறுசேரியில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். காலை ஆறே முக்காலுக்கு கம்பெனி பஸ். எட்டரைக்கு சீட்டில் இருப்பேன், ஒன்பது மணிக்கு மீட்டிங். நடுவில் மேசையிலேயே டப்பாவைத் திறந்து நாலு இட்லி சாப்பிட்டுவிடுவேன். போன வாரம் டீம் லீடர் எல்லார் முன்னாலும், "இது ஆபீஸா, மெஸ்ஸா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து காலையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். அம்மா கட்டிக் கொடுப்பதை மதியம்தான் திறக்கிறேன். நான் செய்தது தப்பா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: பசித்துச் சாப்பிட்டது தப்பே இல்லை தம்பி. இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், என் கையால் நடந்த ஒன்று இருக்கிறது.

1987. நான் ஓய்வூதியப் பிரிவில் தட்டச்சர். ஒரு நாள் ரயில் தாமதம். அன்றைக்கு வண்டியில் நிற்கவே இடமில்லை, சாப்பிடவும் முடியவில்லை. பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேசையிலேயே டப்பாவைத் திறந்தேன். இட்லி, தக்காளித் தொக்கு. டப்பாவின் அடியில் எண்ணெய் வழிந்திருந்ததைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்தது ஒரு குடும்ப ஓய்வூதிய உத்தரவு. கார்பன் வைத்து மூன்று பிரதி, முதல் நாள் சாயங்காலம் நானே அடித்தது. மூன்றிலும் எண்ணெய் இறங்கிவிட்டது. கறை பட்ட தாளைக் கையெழுத்துக்கு வைக்க முடியாது. திரும்ப அடித்து முடிப்பதற்குள் அதிகாரி முகாமுக்குக் கிளம்பிவிட்டார். கையெழுத்தானது எட்டு நாள் கழித்து.

அதற்கு நடுவில் அந்த அம்மா உத்திரமேரூரிலிருந்து இரண்டு தடவை வந்து போனார். கணவர் போய் ஐந்து மாதம். "இன்னும் சார் கையெழுத்து ஆகலைம்மா" என்று சொன்னது நான்தான். ஏன் ஆகவில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு ஓய்வு பெறும் வரை வேலை மேசையில் தண்ணீரைத் தவிர எதையும் வைத்ததில்லை.

உங்கள் மேசையில் காகிதம் இருக்காது, சரி. ஆனால் கீபோர்டு இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இன்னொருவர் இருக்கிறார். ஏசி அறையில் ஜன்னலைத் திறக்க வழியில்லை. சாப்பிடுகிறவருக்குப் பத்து நிமிஷத்தில் மறந்துபோகிற சாம்பார் வாசனை, பக்கத்தில் இருப்பவருக்கு மதியம் வரை நிற்கும். உங்கள் அலுவலகத்தில் பேன்ட்ரி இருக்கும். எட்டரை முதல் எட்டே முக்கால் வரை அங்கே உட்கார்ந்து, கீழே குனிந்து போனைப் பார்க்காமல் சாப்பிடுங்கள். டீம் லீடரிடம் தனியாகப் போய், "சார், தினமும் இந்தப் பதினைந்து நிமிஷம் பேன்ட்ரியில் இருப்பேன், ஒன்பது மணி மீட்டிங்குக்கு வந்துவிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கிற குரலில் வேண்டாம், தகவல் சொல்கிற குரலில் சொல்லுங்கள்.

அந்த டீம் லீடர் இதைப் படித்தால் அவருக்கும் சொல்கிறேன். இலையில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். வீட்டில் சண்டை என்றால்கூட, "சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று பெரியவர்கள் அடக்குவார்கள். இருபத்து நாலு வயதுப் பையன் வாயில் இட்லியோடு நிமிர்ந்து பார்க்கும்போது நாலு பேர் முன்னால் கேட்ட அந்த ஒரு கேள்வி, அவனை இத்தனை நாளாகப் பட்டினி போட்டிருக்கிறது. கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

டப்பாவில் என்ன வைப்பது என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ரயிலில் பெண்கள் பெட்டியில் அனுபவப்பட்டவர்கள் எல்லாருமே பொடி இட்லிக்காரிகள். இட்லியை நன்றாக ஆறவிட்டு, பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாழை இலையைத் தணலில் வாட்டி அதில் மடித்துவிடுவார்கள். கையில் ஒட்டாது, ஒழுகாது, பக்கத்து சீட்டுக்கு வாசனை போகாது. சூடாக மூடினால் வேர்த்துப் பிசுபிசுத்துவிடும், அதனால்தான் ஆறவிடுவது. தேங்காய்ச் சட்னி வேண்டாம், சித்திரை வைகாசியில் ஒன்பது மணிக்கே புளித்துவிடும். வெண்பொங்கல் ஆறினால் கட்டியாகிவிடும், தோசை வரட்டியாகிவிடும். எலுமிச்சை சேவை நல்லது. மைக்ரோவேவ் இருந்தால் இட்லியின் மேல் தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சூடு பண்ணுங்கள். அவித்த முட்டையை ஓட்டோடு வைத்துவிடாதீர்கள், வெடித்துவிடும். அதைத் துடைக்க வேண்டியவர் வேறு யாரோ.

கேள்வி: கூட்டுறவு வங்கியில் கவுன்டரில் இருக்கிறேன். பத்து மணிக்குக் கவுன்டர் திறந்ததும் கூட்டம் வந்துவிடுகிறது. கீழே டிராயரில் டப்பாவை வைத்து, நடுநடுவே ஒரு வாய் போட்டுக்கொள்கிறேன். ஒருவர் புகார் எழுதிவிட்டார்.
— வாசகி, பண்ருட்டி

பதில்: அவர் எழுதியது நியாயம்தான் அம்மா. வரிசையில் நிற்கிறவர் முதல் பஸ்ஸில் வந்திருப்பார். அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார். அவர் கண்ணெதிரே நாம் மெல்லக் கூடாது, அந்தக் கையால் அவர் பாஸ்புக்கைத் தொடவும் கூடாது. ஒன்பதே முக்காலுக்குள் உள்ளே போய் முடித்துவிடுங்கள். முடியாத நாளில், பக்கத்து கவுன்டர்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "10.30-க்கு வருகிறேன்" என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டு எழுந்து போங்கள். நேரத்தைத் தெரிந்துகொண்டு காத்திருக்க ஜனங்கள் தயார்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு அறைக் கதவில் "சைவ உணவு மட்டும்" என்று திடீரென்று ஒட்டிவிட்டார்கள். என் சகோதரி காலையில் பழைய சோறும் கருவாடும் கட்டிக் கொடுப்பாள். இப்போது நான் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நாகப்பட்டினத்திலேயே கருவாட்டுக்கு இடமில்லையா? படிக்கும்போதே எனக்கு மனசு ஆறவில்லை.

வாசனை என்பது உண்மையான சங்கடம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கருவாட்டுக்கு மட்டும் உண்டா? பூண்டுக் குழம்புக்கு இல்லையா, வெங்காய பஜ்ஜிக்கு இல்லையா? வாசனைதான் பிரச்சினை என்றால் ஜன்னலைத் திறக்கலாம், எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம், "மீனை மைக்ரோவேவில் சூடு பண்ண வேண்டாம்" என்று எழுதலாம். அதெல்லாம் எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்கிற ஒழுங்கு. கதவில் "சைவம் மட்டும்" என்று எழுதுவது ஆளைப் பிரிக்கிற காரியம். யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதை வைத்து யார் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று முடிவுபண்ணினால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று நம் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதை ஒழுக்கம் என்று சொல்லாதீர்கள்.

நான் கண்காணிப்பாளராக இருந்தபோது இதே பேச்சு எங்கள் பிரிவிலும் வந்தது. ஒரு தம்பியின் முட்டைப் பொரியல் டப்பாவை யாரோ எடுத்து வெளித் திண்ணையில் வைத்துவிட்டார்கள். நான் யார் என்று விசாரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மதியத்தில் அந்தத் தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் முட்டைகூடச் சாப்பிடாதவள். என் தயிர்சாதம், அவருடைய பொரியல். இரண்டு வாரத்தில் மேசை பழையபடி நிறைந்தது.

உங்களுக்குச் சொல்வது: படிக்கட்டிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தனியாக வேண்டாம், உங்களைப் போல ஒதுங்கிச் சாப்பிடுகிற இன்னும் நாலைந்து பேர் கட்டாயம் இருப்பார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அந்த அறிவிப்பு யார் உத்தரவு, எந்த விதிப்படி என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்தவரையில், எழுத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தால் இப்படிப்பட்ட காகிதங்கள் தாமே கிழிந்துவிடும். கருவாட்டை வீட்டிலேயே வறுத்து, மூடி இறுக்கமான சில்வர் டப்பாவில் கொண்டுவாருங்கள். சாப்பிட்டதும் மேசையைத் துடைத்துவிடுங்கள். முள்ளைத் திறந்த குப்பைக் கூடையில் போடாமல் காகிதத்தில் சுற்றிப் போடுங்கள். கூடையைத் தூக்குகிற அம்மாவின் கையில் குத்தும்.

கேள்வி: பக்கத்து சீட்டு நண்பர் ரமலான் நோன்பு. அவர் முன்னால் டிபன் சாப்பிடலாமா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: அவரையே கேளுங்கள். "தாராளமா சாப்பிடுங்க" என்றுதான் பெரும்பாலும் சொல்வார். விடியலுக்கு முன்பே சஹர் முடித்துவிட்டு, வைராக்கியத்தோடு வந்திருப்பவர் அவர். "ஒரு வாய்தானே, எடுத்துக்கோங்க" என்று மட்டும் யாரும் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சஷ்டி, கிருத்திகை என்று இருப்பவர்களுக்கும் இதே மரியாதை.

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இரண்டு பஸ் மாறி வருகிறேன். பிள்ளைகளுக்குக் காலை உணவு பரிமாறும் நேரத்தில் எனக்கும் பசி. அவர்கள் முன்னால் சாப்பிடக் கூச்சமாக இருப்பதால் ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறேன்.
— வாசகி, அரூர்

பதில்: டீச்சர், கதவைத் திறந்து வெளியே வாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, பசியோடு வந்து பிரேயரில் மயங்கி விழுந்த என் வகுப்புத் தோழிகளை நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் மற்ற அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. இப்போது உங்கள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் தட்டில் விழுந்த பிறகு நீங்களும் அந்த வரிசையின் கடைசியில் உங்கள் டப்பாவோடு உட்காருங்கள். அவர்களுடைய பாத்திரத்திலிருந்து எடுக்க வேண்டாம், அது பிள்ளைகளின் தலையை எண்ணிப் போட்ட அளவு. "டீச்சர், உங்க டப்பாவில என்ன?" என்று எட்டிப் பார்ப்பார்கள். காட்டுங்கள். கை கழுவுவது, சிந்தாமல் சாப்பிடுவது, காயை ஒதுக்காமல் சாப்பிடுவது எல்லாம் உங்களைப் பார்த்தே வந்துவிடும்.

கேள்வி: தி.நகரில் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு. ஒன்பது மணிக்குக் கடைக்குள் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். விடுதியில் காலை டிபன் ஏழரைக்குத்தான் வரும், குளிக்க வரிசையில் நின்றால் சாப்பிட நேரமிருக்காது. குடோனில் துணி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டே பிஸ்கட் தின்கிறேன். பார்த்தால் திட்டு. எங்களுக்கு எந்த மரியாதை விதியும் கிடையாதா அம்மா?
— பெயர் வேண்டாம்

பதில்: இருக்கிறது. அதுவும் சட்டமாகவே இருக்கிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் வருஷத்தது. கடையில் வேலை செய்கிற யாரையும் நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும் என்று அது சொல்கிறது. ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஐந்து மணி நேரம். 2021-ல் அதே சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வேலையாட்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கிய உங்களைப் போன்றவர்களுக்காக வந்த திருத்தம் அது.

சட்டம் இருக்கிறது என்பதற்காக நாளைக்கே நீங்கள் ஒருத்தியாகப் போய் மேலாளரிடம் நிற்க வேண்டாம். வேலை போனால் விடுதியும் சேர்ந்து போகும், எனக்குத் தெரியும். உங்கள் பிரிவில் ஆறு பேராவது சேர்ந்து, கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் குறைவு. இரண்டிரண்டு பேராகப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து சாப்பிட்டு வருகிறோம், கவுன்டர் காலியாக இருக்காது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு இடைவேளையை ஒரு மணிக்கு முன்னால் நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். மனுவில் உணர்ச்சியாக எழுத வேண்டாம். எத்தனை மணிக்கு உள்ளே வருகிறோம், எத்தனை மணிக்கு விடுகிறார்கள், எத்தனை பேர், நாற்காலி எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு நேரத்தைச் சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கல்யாணப் புடவை எடுக்க தி.நகர் போகிற வாசகர்களே, காலையில் போனால் அங்கே நிற்கிற பெண்ணிடம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "நாங்க பார்த்துட்டு இருக்கோம், நீ போய்ட்டு வா" என்று மேலாளர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

தங்கச்சி, உங்கள் பெயரும் கடையின் பெயரும் எங்கேயும் வராது. நோட்டில் குறித்ததை வைத்துக்கொண்டு அடுத்த கடிதம் எழுதுங்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன்.