ஏடிஎச்டி பிள்ளைக்கு மாத்திரை: பெற்றோர் கேட்டவை

என் மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல், அதீதத் துறுதுறுப்போடு இருக்கும் குறைபாடு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், மாத்திரை எடுக்கிறான். நான் டாக்டர் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. மற்றதைக் கேளுங்கள்.

என் மகனுக்கு 4 வயது. ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று ப்ளே ஸ்கூலில் சொல்கிறார்கள். மாத்திரை தொடங்கலாமா அக்கா? (மதுரை)

அவசரப்படாதேம்மா. 6 வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது, ஆறு மாதமாவது இப்படி இருந்தால்தான் ஏடிஎச்டி என்றே யோசிப்பார்கள். பள்ளியில் மட்டும் என்றால் காது, கண், தூக்கம் மூன்றையும் முதலில் பாருங்கள்.

பையனின் ஏடிஎச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கடையில் சீட்டு இரண்டு பிரதி கேட்கிறார்கள். அவ்வளவு ஆபத்தான மருந்தா? பையன் அடிமையாகிவிடுவானோ? (திருச்சி, அப்பா)

அது சட்டம் சார். இது ஷெட்யூல் எக்ஸ் என்ற, சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் பட்டியலில் உள்ள மருந்து. அதற்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன அளவில் வாய்வழியாகக் கொடுத்தால் பிள்ளைகள் பொதுவாக அடிமையாவதில்லை. மற்றவர் எடுத்து இஷ்டத்துக்கு விழுங்குவதுதான் ஆபத்து. அதனால் மாத்திரை அட்டை உங்கள் பீரோவில் இருக்கட்டும், பையன் பையில் வேண்டாம். எல்லாக் கடையிலும் கிடைக்காது. தீர ஒரு வாரம் இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

டப்பாவில் வைத்த சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. எடையும் குறைகிறது. மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். பசி குறைவது இந்த மருந்தில் அடிக்கடி வருவதுதான். மதியம் மருந்து வேலை செய்கிற நேரம், அப்போது ஊட்டினால் சண்டைதான் மிச்சம். காலையில் மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறைய வையுங்கள். எங்கள் வீட்டில் நெய் ஊற்றிய இட்லி, ஒரு முட்டை, பால். இது உள்ளே போன பிறகுதான் மாத்திரை. மதிய டப்பாவைச் சின்னதாக்கிவிட்டேன்: ஒரு சப்பாத்தி ரோல், ஒரு வாழைப்பழம். மாலையில் மருந்தின் வேகம் இறங்கியதும் பசி பாய்ந்து வரும். அந்த நேரம் பிஸ்கட் கொடுத்து அடக்காமல் தோசையோ சாதமோ போடுங்கள். இரவு எட்டரைக்கு இன்னொரு முறை கேட்டாலும் கொடுங்கள், நேரம் கெட்ட நேரம் என்று பார்க்காதீர்கள். உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் எழுதி வைத்து அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

சாக்லேட்டை நிறுத்தினால் போதும் என்கிறார் மாமியார்.

பல்லுக்கு நல்லது, நிறுத்துங்கள். ஆனால் ஏடிஎச்டி சர்க்கரையால் வருவதில்லை. 1995-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. அத்தையோடு வாதாடாதீர்கள், அடுத்த தடவை டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போங்கள்.

மாலை ஐந்து மணிக்கு ஒரே அழுகை, எரிச்சல். இதுவும் மருந்தாலா?

இருக்கலாம். மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகள் இப்படி ஆவார்கள். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் சுமார் நாலு மணி நேரம்தான் நிற்கும். தினமும் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள், நீண்ட நேரம் நிற்கும் வகை உதவுமா என்று டாக்டர் பார்ப்பார். அந்த அரை மணியில் வீட்டுப்பாடம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரையை விட்டுவிடலாமா? எங்களுக்கு எழுதியிருப்பது அட்டமாக்ஸெட்டின் என்ற இன்னொரு ஏடிஎச்டி மருந்து.

கூடாது. அது தினமும் எடுத்தால்தான் மெல்ல வேலை செய்யும், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மெத்தில்ஃபெனிடேட் என்றால் சில டாக்டர்கள் லீவு நாளில் இடைவெளி விடச் சொல்வதுண்டு, அதையும் கேட்டுத்தான். அட்டமாக்ஸெட்டின் தொடங்கிய புதிதில் பிள்ளை சோர்ந்து ஒதுங்கினாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.