மூளைல நரம்பு செல்லான நியூரானுக்கு துணையா இருக்கிற க்ளையா செல்கள் கால்சியம் மூலமா சிக்னல் அனுப்புதாமே, அது நியூரான் அனுப்புற சிக்னல் மாதிரியேவா? அப்போ கால்சியம் மாத்திரை போட்டா மூளைக்கு நல்லதா?

சிக்னல் இருக்கறது உண்மை, ஆனா நியூரான் மாதிரி இல்ல. நிறைய பேர் இதை "மெதுவா ஓடற நியூரான் சிக்னல்"னு எழுதிட்டு போயிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஏன்னு சொல்றேன்.

க்ளையால பல வகை இருக்கு, கால்சியம் கதைல ஹீரோ ஆஸ்ட்ரோசைட்ங்கற நட்சத்திர வடிவ வகைதான். அதனால அதை மட்டும் பேசுவோம். ஒரு ஆஸ்ட்ரோசைட்டோட நுணுக்கமான கிளைகள் எலி மூளைலயே ஒரு லட்சம் சினாப்ஸ் (ரெண்டு நியூரான் சந்திச்சு சிக்னல் மாத்திக்கிற இடம்) வரைக்கும் தொட்டுட்டு இருக்கும், மனுஷ மூளைல அந்த செல் இன்னும் பெருசு, 20 லட்சம் வரைக்கும் போகும்னு கணக்கு போட்டிருக்காங்க.

இவ்ளோ சினாப்ஸை தொட்டுக்கிட்டு இருந்தும் ரொம்ப நாளா இதை சும்மா முட்டுக் கொடுக்கிற செல்லுன்னே நெனச்சாங்க. காரணம் சிம்பிள், எலக்ட்ரோடு வச்சு பாத்தா ஒண்ணுமே தெரியாது. நியூரான் மாதிரி டக்குனு ஒரு மில்லிசெகண்ட்ல அடிக்கிற மின் துடிப்பு இதுக்கு கிடையாது. இது செய்யற வேலையை பாக்கணும்னா கால்சியத்தை பாக்கணும், அதுக்கு கால்சியம் ஒட்டினா ஒளிர்ற சாயம் வர வேண்டியிருந்துச்சு.

செல்லுக்கு வெளிய கால்சியம் உள்ள இருக்கறதை விட சுமார் 10,000 மடங்கு ஜாஸ்தி, செல்லுக்கு உள்ளயும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்ங்கற பைல நிறைய அடைச்சு வச்சிருக்கும், பம்புங்க ராத்திரி பகலா வேலை செஞ்சு இதை இப்படியே வச்சிருக்கு. அணைல தண்ணி தேங்கி நிக்கிற மாதிரி, மதகை லேசா தூக்கினாலே போதும். நியூரான் வெளிவிடற குளுட்டமேட், நார்அட்ரினலின் மாதிரி சேதி சொல்ற ரசாயனம் ஆஸ்ட்ரோசைட் மேல அதை வாங்கிக்கிற ரிசெப்டர்ல வந்து உக்காரும், உள்ள ஐபி3ன்னு ஒரு சின்ன மூலக்கூறு உருவாகும், அது போய் அந்தப் பையோட சேனலை, அதாவது மதகை, திறக்கும், கால்சியம் கொட்டும். இதுல அழகு என்னன்னா கொட்டின கால்சியமே பக்கத்து சேனலையும் திறக்கத் தூண்டும், ஆனா ரொம்ப ஏறிடுச்சுன்னா அதே கால்சியம் சேனலை மூட வைக்கும், அதனாலதான் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலை மாதிரி வருது. இதெல்லாம் நடக்க சில செகண்ட்ல இருந்து பல செகண்ட் வரைக்கும் ஆகும்.

1990ல அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகத்துல ஆன் கார்னெல்-பெல், ஸ்டீபன் ஸ்மித் குழு டிஷ்ல வளத்த எலி ஆஸ்ட்ரோசைட் மேல குளுட்டமேட் விட்டப்போ ஒரு செல்லுல இருந்து அடுத்த செல்லுக்கு கால்சியம் அலை போறதை படம் பிடிச்சாங்க. அவ்ளோதான், துறையே சூடாயிடுச்சு. 1994ல பர்பூரா, ஹேடன் குழு, ஆஸ்ட்ரோசைட்ல கால்சியம் ஏறினா அது குளுட்டமேட்டை வெளிய விட்டு பக்கத்து நியூரானை உசுப்புதுன்னு காட்டினாங்க, 1999ல "மூணு தரப்பு சினாப்ஸ்"னு பேரே வச்சிட்டாங்க, அதாவது ரெண்டு நியூரானோட ஆஸ்ட்ரோசைட்டும் ஒரு பார்ட்டின்னு.

அதுக்கப்புறம்தான் சண்டை. ஐபி3 திறக்கிற சேனல்ல ஆஸ்ட்ரோசைட்டுக்கு முக்கியமானது டைப் 2ங்கற வகை, அதை ஜீன்லயே எடுத்துட்ட எலிங்க இருக்கு. 2010ல ஒரு குழு அந்த எலிங்கள்ல சினாப்ஸ் வலுவாகறது மாமூலாவே நடக்குது, ஆஸ்ட்ரோசைட் கால்சியத்துக்கு அதுல பங்கே இல்லன்னு சயின்ஸ் பத்திரிகைல போட்டாங்க, அதே வருஷம் இன்னொரு குழு ஒரு ஆஸ்ட்ரோசைட்டோட கால்சியத்தை ஏற விடாம பிடிச்சு வச்சா பக்கத்துல சினாப்ஸ் வலுவாகறதே நின்னு போகுது, சினாப்ஸ் வலுவாக உதவற டி-செரீன்ங்கற பொருளைக் குடுத்தா திரும்ப வருதுன்னு நேச்சர் பத்திரிகைல போட்டாங்க. ரெண்டும் பாத்தது ஹிப்போகாம்பஸ்ங்கற ஞாபகப் பகுதிதான், ரெண்டும் நல்ல ஆளுங்கதான்!

இதுக்கு பாதி விடை பிற்பாடு வந்துச்சு. எல்லாரும் செல்லோட நடு உடம்பைப் பாத்துட்டு இருந்தாங்க, ஏன்னா அதுதான் சாயத்துல நல்லா தெரியும். ஆனா சினாப்ஸை தொடறது மயிரிழை மாதிரி இருக்கிற கிளைகள், அதுக்குள்ள சாயம் சரியா போகாது. ஜிகேம்ப்னு கால்சியத்தைக் காட்டற புரோட்டீன் சென்சார் வந்ததுக்கு அப்புறம் 2015ல கலிஃபோர்னியால பல்ஜித் கக் குழு அந்த டைப் 2 இல்லாத எலிங்களையே பாத்தா, நடு உடம்புல சிக்னல் ரொம்ப கம்மி, ஆனா கிளைகள்ல கால்சியம் நல்லாவே மின்னிட்டு இருக்கு. வெளிய இருந்து வருது, மைட்டோகாண்ட்ரியால இருந்தும் வருது. ஆக அந்த எலியை வச்சு "கால்சியமே இல்ல"ன்னு சொன்னது நிக்காது. இன்னொரு பக்கம், 2013ல தெரிஞ்சது, குளுட்டமேட்டை கேக்கற எம்ஜிளூஆர்5 ரிசெப்டர் குட்டி எலில இருக்கு, வளந்த எலி ஆஸ்ட்ரோசைட்ல கிட்டத்தட்ட காணோம், பழைய சோதனைல நிறைய குட்டி எலி மூளைலதான் நடந்துச்சு. மயக்க மருந்து குடுத்தா இந்த சிக்னலே அடங்கிடும்ங்கறதும் 2012ல தெரிஞ்சுது. ரெண்டு கட்சிக்கும் இது இடி.

அப்போ வளந்த, முழிச்சிருக்கிற மூளைல இதை பலமா எழுப்பறது எது? நார்அட்ரினலின். எலி திடுக்கிட்டாலோ ஓட ஆரம்பிச்சாலோ மூளையோட மேலடுக்கான கார்டெக்ஸ்ல ஆஸ்ட்ரோசைட்டுங்க ஒட்டுமொத்தமா ஏறும். எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை 2019ல அமெரிக்காவோட ஜனேலியா ஆய்வு மையத்துல மிஷா ஆரன்ஸ் குழு செஞ்சது. ஜீப்ரா மீன் குஞ்சை பிடிச்சு வச்சு சுத்தி திரைல காட்சி ஓட விடறாங்க, மீன் நீந்த முயற்சி பண்ணினா காட்சி நகரும், திடீர்னு அந்த லிங்க்கை கட் பண்ணிடறாங்க, மீன் எவ்ளோ அடிச்சாலும் ஒரு இன்ச் நகரல. மொதல்ல இன்னும் வேகமா அடிக்கும், அப்புறம் "சரி வேலைக்காகாது"ன்னு கொஞ்ச நேரம் சும்மா கெடக்கும். நார்அட்ரினலின் நியூரான் ஒவ்வொரு தோத்த முயற்சியையும் தெரிவிக்குது, ஆஸ்ட்ரோசைட் வகை க்ளையா செல்லுல கால்சியம் சேந்துகிட்டே போகுது, போதுமான அளவு சேந்ததும் நீச்சலை நிறுத்தற வழி ஆன் ஆகுது. அந்த செல்லுங்களை முடக்கிட்டா மீன் விடாம அடிச்சிட்டே இருக்கு, வேணும்னே தூண்டினா காரணமே இல்லாம சும்மா இருக்கு.

அதான் நான் மெதுவான நியூரான்னு சொல்றதை ஒத்துக்கல. இங்க மெதுவா இருக்கறது குறை இல்ல, வேலையே அதுதான். ஒவ்வொரு தோல்வியும் தனித்தனியா நடக்குது, பல செகண்ட் கூட்டி வச்சாதான் "இது வேலைக்காகலை"ன்னு ஒரு முடிவுக்கு வர முடியும், மில்லிசெகண்ட்ல அடிச்சு ஓயற துடிப்பு தனியா அதை செய்யறது கஷ்டம்.

மாத்திரை விஷயம்: சம்பந்தமே இல்லைங்க. ரத்தத்துல கால்சியம் அளவை பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் ரொம்ப கறாரா பிடிச்சு வச்சிருக்கும், அதுக்கு மேல மூளைக்கு தனி வேலி வேற இருக்கு. செல்லுக்குள்ள சிக்னல் வர்றது மொத்த கால்சியம் கூடறதால இல்ல, ஏற்கனவே இருக்கறது சேனல் வழியா இடம் மாறறதால. எலும்புக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா போடுங்க, ஞாபக சக்திக்குன்னு நீங்களா வாங்கிப் போடாதீங்க, தேவையில்லாம அதிகமா போட்டா கிட்னில கல்லு வர வாய்ப்பு இருக்கு.