ரெண்டு கம்ப்யூட்டரை இணைக்கணும்: கேபிள் போதுமா, ரவுட்டர் வேணுமா?

வீட்டு நெட்வொர்க் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், குவிந்துவிட்டது. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

அண்ணே, பழைய டெஸ்க்டாப்பிலிருந்து புது லேப்டாப்புக்கு 200 ஜிபி போட்டோ மாத்தணும். ரவுட்டர் இல்ல. "கிராஸ் கேபிள்தான் வேணும்"னு கடைக்காரர் சொல்றார். அப்படியா?

வேண்டாம் தம்பி. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறியிருப்பதுதான் கிராஸ் கேபிள். அது 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேகம்) காலத்துச் சமாச்சாரம். இப்போது வரும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட், எந்த ஜோடியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்று தானே சரிசெய்துகொள்ளும். கேட்5இ என்று போட்டிருக்கும் சாதா நெட்வொர்க் கேபிளே போதும். ரெண்டு பக்கமும் கிகாபிட் என்றால் 200 ஜிபி அரை மணி நேரத்து வேலை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதைவிட இழுக்கும். ஒரு பக்கம் 100 எம்பிபிஎஸ் போர்ட் இருந்தால் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

கேபிள் போட்டாச்சு, விளக்கு எரியுது. ஆனா ஐபி 169.254-ன்னு ஏதோ காட்டுது. தப்பா?

தப்பில்லை. ஐபி என்பது நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் முகவரி. அதைக் கொடுக்க ரவுட்டர் இல்லாததால் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. ரெண்டும் அப்படி வைத்திருந்தால் பேசிக்கொள்ளும். நான் கையாலேயே போட்டுவிடுவேன்: போட்டோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு 192.168.50.1, இன்னொன்றுக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே எதையாவது நிரப்பினால் லேப்டாப் இன்டர்நெட்டையும் இந்தக் கேபிள் வழியாகத் தேடப் போய்விடும். அப்புறம் "வைஃபை இருக்கு, நெட் வரலை" என்று அடுத்த கேள்வியோடு வருவீர்கள்.

ரெண்டு பக்கமும் ஐபி சரி சார். மத்த கம்ப்யூட்டர் பதில் சொல்லுதான்னு பிங் போட்டுப் பாத்தா "டைம்டு அவுட்". கேபிள் போச்சா?

கேபிளில் கை வைக்காதீர்கள். போர்ட் பக்கத்தில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் பெரும்பாலும் கேபிள் நிரபராதி. தெரியாத நெட்வொர்க் என்று விண்டோஸ் இதைப் பப்ளிக் (பொது இட நெட்வொர்க்) வகையில் சேர்த்திருக்கும், ஃபயர்வால் வாசலை அடைத்திருக்கும். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், பப்ளிக் பகுதியில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். வேலை முடிந்ததும் ஆஃப் செய்ய மறக்க வேண்டாம். ரயில் நிலைய வைஃபையில் அது திறந்து கிடக்கக் கூடாது.

மத்த கம்ப்யூட்டரைத் திறக்கப் போனா யூசர்நேம், பாஸ்வேர்டு கேக்குது தம்பி. தினம் போடுற நாலு நம்பரைத்தான் போட்டேன், ஏத்துக்க மாட்டேங்குது.

அக்கா, அந்த நாலு நம்பர் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் உள்ளே விடாது. போட்டோ இருக்கும் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அந்த ஃபோல்டரை அவருக்கு ஷேர் பண்ணுங்கள். மற்றதில் ரன் பெட்டியைத் திறந்து \\192.168.50.1 அடித்தால் ஃபோல்டர் வந்து நிற்கும்.

வீட்டுக்குள்ள ஃபைல் பகிர விண்டோஸ்ல ஹோம்குரூப்னு ஒண்ணு இருந்துச்சே, எங்கே போச்சு?

2018-இல் விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள். தேடாதீர்கள்.

மாடிக்கு 40 மீட்டர் கேபிள் இழுத்தோம். கிகாபிட் ரவுட்டர், கிகாபிட் லேப்டாப். ஆனா 100 எம்பிபிஎஸ்தான் காட்டுது. தூரம் அதிகமா?

100 மீட்டர் வரை தாங்கும், 40 ஒன்றுமில்லை. 100 எம்பிபிஎஸ் ஓட 1, 2, 3, 6 என நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒன்று விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டிலேயே நடந்தது. கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியது (கிரிம்ப்) நான்தான். ஒரு மாதம் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், ஏழு கம்பியின் செம்பு நுனி பளிச்சென்று முன்சுவரில் முட்டி நிற்கிறது. பழுப்பு மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்னால்! வெட்டி மறுபடி அடித்தேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ரெண்டு முனையிலும் இதே வரிசை. உடனே கிகாபிட் வந்தது. பிளக் சரியாக இருந்தால் கேபிளைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவாகக் கிடைத்ததன் காரணம் அதுதான்.

பழைய ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதுல ரெண்டு கம்ப்யூட்டரையும் சொருகலாமா?

தாராளமாக. ரெண்டையும் லேன் (வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான) துளைகளில் சொருகுங்கள். பெரும்பாலும் வேறு நிறத்தில் தனியாக இருக்கும், இன்டர்நெட் லைனுக்கான வான் (WAN) துளை வேண்டாம். ஐபியை ரவுட்டரே கொடுத்துவிடும், நீங்கள் எதையும் போட வேண்டியதில்லை. அதை வீட்டில் ஏற்கெனவே ஓடும் ரவுட்டரோடு சேர்ப்பதாக இருந்தால் முதலில் பழையதில் டிஹெச்சிபியை (ஐபி கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் ஐபியையும் மாற்றிவிட்டு, லேனுக்கு லேன் கேபிள் போடுங்கள். அணைக்காவிட்டால் ஒரே வீட்டில் ரெண்டு பேர் ரேஷன் கார்டு அச்சடித்த கதைதான்.

வைஃபையில ரெண்டு லேப்டாப்பும் ஒண்ணையொண்ணு பாக்கலை.

பெரும்பாலும் ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபையில்) இருக்கும். மாற்றுங்கள்.

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தட்டை முனை இருக்கற யுஎஸ்பி கேபிள் வீட்ல கிடக்கு. அதைச் சொருகி ஃபைல் மாத்தலாமா?

ஐயா, வேண்டாம்! ரெண்டு பக்கமிருந்தும் 5 வோல்ட் வந்து மோதும், போர்ட் போய்விடலாம். அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு ஒரு லேன் கேபிள் வாங்குங்கள்.