வாள் அலகு ஹம்மிங் பறவை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாள் அலகு ஹம்மிங் பறவை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். உடலைவிட நீளமான அலகு சுமையாக இருக்காதா? அடுத்த ஆண்டு ஈக்வடார் போகிறேன். எங்கே பார்க்கலாம்? அங்கே தொங்கவிடும் சர்க்கரைத் தண்ணீரில் தேன் கலக்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

சுமைதான். பறவையின் எடை 10 முதல் 15 கிராம். அலகு 8 சென்டிமீட்டருக்கு மேல். அதை வைத்துக்கொண்டு உடம்பு இறகைக் கோத முடியாது, கால் நகத்தால்தான் கோதிக்கொள்ளும். கிளையில் உட்காரும்போது கழுத்துக்குப் பாரம் குறைய அலகை மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருக்கும்.

இந்த இடைஞ்சலுக்கெல்லாம் ஈடாக அது பெற்றது பாசிஃப்ளோரா மிக்ஸ்டா போன்ற நீளக் குழல் பூக்களை. மிக்ஸ்டா, பேஷன் ஃப்ரூட்டின் உறவுக்கொடி. இளஞ்சிவப்புப் பூ தலைகீழாகத் தொங்கும், தேன் குழலின் உச்சியில் இருக்கும். பறவை கீழே அந்தரத்தில் நின்று அலகை முழுக்கச் செருகும்போது நெற்றி மகரந்தப்பையில் உரசுகிறது. வேறெந்தப் பறவைக்கும் அந்த ஆழம் எட்டாது. டிக்லோசா என்னும் சிறு குருவிகள் குழலைத் துளைத்துத் தேனைத் திருடும், மகரந்தத்தைத் தொடுவதில்லை. ஆகவே வாள் அலகு அற்றுப்போன சரிவில் மிக்ஸ்டா பூத்தாலும் காய்ப்பது அரிதாகும். என் கவலையெல்லாம் இதுதான்: ஒன்றை இழந்தால் மற்றதும் தளரும்.

தலைநகர் கீட்டோ அருகே, பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் உள்ள யானாகோச்சா காப்பகத்துக்குப் போங்கள். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். கீட்டோவில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, காலையிலேயே ஏறுங்கள். பிற்பகலில் மேகம் இறங்கிவிடும். அங்கே சர்க்கரைத் தண்ணீர்க் கலங்கள் தொங்கும். கலத்தை ஒட்டி நிற்கும் பறவைகளைப் பார்க்காதீர்கள். அலகு நீளத்துக்குத் தள்ளி நின்று குடிப்பதுதான் உங்கள் பறவை.

தேன் வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டதும் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், பறவைக்கு நோய் வரும். ஒரு குவளை வெள்ளைச் சர்க்கரைக்கு 4 குவளை தண்ணீர், அவ்வளவுதான். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஆகாது, அவற்றில் இரும்புச்சத்து அதிகம். சிவப்புச் சாயமும் தேவையில்லை, கலத்தின் மூடி சிவப்பாக இருந்தால் போதும். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். கலங்கிவிட்டால் அன்றைக்கே.

கலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பாதையோரம் மிக்ஸ்டா பூத்திருந்தால் சற்றுத் தள்ளி அசையாமல் நில்லுங்கள். இந்தப் பறவை ஒரே பூவைக் காவல் காக்காது, பல பூக்களைச் சுற்றிவந்து மறுபடி அதே பூவுக்கு வரும்.