இயக்குநரும் ஒளிப்பதிவாளருமான பாலு மகேந்திரா மறைந்த பிறகும் ஊட்டிப் பக்கத்து ஆட்கள் அவரை ஏன் இவ்வளவு நினைக்கிறார்கள்?

முதல் காரணம் கேத்தி ஸ்டேஷன். 1982-ல் வந்த அவருடைய ‘மூன்றாம் பிறை’ படத்தின் கடைசிக் காட்சி எடுத்த இடம். ஈரமான பிளாட்பாரம், சேறும் சகதியுமாக ரயிலோடு ஓடும் கமல், ஜன்னலோரம் அடையாளம் தெரியாமல் பார்க்கும் ஸ்ரீதேவி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம், அந்த வெளிச்சம். விளக்குகளை அடுக்காமல் இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். இங்கே மேகம் மூடினால் வெயில் சலித்த மாவுபோல இறங்கும், முகத்தில் அழுத்தமான நிழல் விழாது. அதை அப்படியே ஃபிலிமில் பிடித்தார். ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

2014 பிப்ரவரி 13-ல் காலமானார். அன்று சாயங்காலம் நாலைந்து பேர் கேத்தி பிளாட்பாரத்தில் போய் நின்றோம். மலை ரயில் வந்து போகிறவரை யாரும் பேசவில்லை.